ஸ்டேக் வேற, மாட்டுக்கறி வேற

தேக்காவில் மாட்டின் பெயரைச் சொல்லாமல் யாருக்கும் வழி காட்ட முடியாது. எம்ஆர்டி நிலையத்தை விட்டு வெளியே வந்தால் பஃபலோ ரோடு. அதற்கு இணையாக அடுத்த தெரு கெர்பாவ் ரோடு. கெர்பாவ் என்றால் மலாயில் எருமை. ஆக ஒரே விலங்குக்கு இரண்டு மொழியில் இரண்டு தெரு. பழைய சந்தையின் பெயர் கண்டாங் கெர்பாவ், அதாவது எருமைத் தொழுவம். புக்கிட் தீமா சாலையில் இருக்கும் கேகே மருத்துவமனையின் இரண்டு 'கே'யும் அந்தத் தொழுவம்தான். இந்த ஊரில் பிறந்த எத்தனையோ பேருடைய பிறப்புச் சான்றிதழில் அது இருக்கிறது. என் அப்பாவுடையதில் இருக்கிறது, என்னுடையதிலும் இருக்கிறது.

மாடு இங்கே வந்ததற்குக் காரணம் தண்ணீர். ரொச்சோர் ஆற்றை ஒட்டிய தாழ்வான ஈர நிலம், நல்ல புல். 1840களில் ஃபேரர் பார்க் பக்கம் குதிரைப் பந்தயத் திடல் வந்தது. அதைச் சுற்றி மாடு வளர்ப்பும் விற்பனையும் பெருகின. மேய்க்க, பால் கறக்க, வண்டி ஓட்ட என்று நம்ம ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். கல்கத்தாவிலிருந்து வந்த யூத வணிகர் ஐ. ஆர். பெலிலியோஸ் இங்கே பெரிய கால்நடை வியாபாரி. அவர் பெயரில் இன்னும் ஒரு சாலை இருக்கிறது. மலாக்காவிலிருந்து வந்த யுரேசியர் டெஸ்கர் இறைச்சி வியாபாரத்தில் சொத்து சேர்த்தவர். டெஸ்கர் ரோடு அவர் பெயரில்தான். (அந்தத் தெருவின் பெயரைச் சொன்னால் சிங்கப்பூர்க்காரர்கள் வேறொரு காரணத்துக்காகச் சிரிப்பார்கள், அதை விடுங்கள்.) பிறகு ஈர நிலத்தைத் தூர்த்தார்கள். சுகாதாரம் என்று சொல்லி நகராட்சி மாடுகளை வெளியேற்றியது. 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே மாடு போய்விட்டது, மாட்டுக்காக வந்தவர்கள் தங்கிவிட்டார்கள்.

மரபுடைமை நடைக்குக் கூட்டிப்போகும் வழிகாட்டிகள் இதையெல்லாம் அழகாகச் சொல்வார்கள். பால்காரர் சைக்கிளில் போன கதை, சுவரில் வரைந்த மாடு, ஜனவரியில் பொங்கலுக்குக் கேம்பல் லேனில் கொண்டுவந்து கட்டும் நிஜ மாடு. அலுவலக உடையோடு வந்து அதன் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு போவோம். இறைச்சிக்கூடத்தைப் பற்றி மட்டும் ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்துவிடுவார்கள். அந்தத் தொழுவத்தில் நின்றவை எல்லாமே பால் மாடு என்பதுபோல. இன்று அதே தெருக்களில் சாப்பாட்டுக் கடைக் கண்ணாடியில் 'இங்கே மாட்டிறைச்சி பரிமாறப்படுவதில்லை' என்று ஒட்டியிருக்கும். அது அவரவர் நம்பிக்கை, எனக்கு அதில் ஒரு வழக்கும் இல்லை. ஆனால் அந்த அறிவிப்பு கடைக் கண்ணாடியிலிருந்து இறங்கி வீட்டு வரவேற்பறைக்குள் வந்து உட்காரும்போது அது வேறொன்றாகிவிடுகிறது.

எனக்கு 28 வயது. என்டியூவில் மெக்கானிக்கல் படித்தேன். இப்போது பெரிய கட்டடங்களின் குளிரூட்டும் அமைப்புகளில் வேலை. நானும் ஒரு பெண்ணும் இரண்டு வருடமாகப் பழகுகிறோம். இரண்டு வீட்டுக்கும் தெரிந்து, முதல் தடவையாக நாங்கள் அவர்கள் வீட்டுக்குப் போனோம். எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. பேரங்காடி விலை, வீவக வீட்டுக்கு விண்ணப்பித்தால் எத்தனை வருடம் காத்திருக்கணும், எந்தப் பேட்டையில் கிடைக்கும், எல்லாம் பேசியாயிற்று. அவளுடைய அம்மா தேநீர் ஊற்றிக்கொண்டே, ரொம்ப சாதாரணமாகக் கேட்டார்: "நீங்கள்லாம் பீஃப் எடுப்பீங்களா?"

அப்பா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "இல்லைங்க, நாங்க எடுக்கிறதில்ல."

அம்மா புடவை மடிப்பைச் சரி செய்துகொண்டார்.

அம்மாவைப் பொறுத்தவரை அது உண்மை. வீட்டில் அவர் சமைத்ததில்லை, தொட்டதில்லை. ஆனால் நான் தொடக்கப்பள்ளியில் படித்தபோது சனிக்கிழமை துணைப்பாட வகுப்பு முடிந்ததும் அப்பா என்னைக் கோப்பிக்கடைக்குக் கூட்டிப்போவார். ஆளுக்கொரு தட்டு பீஃப் ஹோர் ஃபன். முட்டைக் குழம்பில் மிதக்கும் வழவழப்பான அரிசி நூடல்ஸ், கறுப்பு மொச்சையின் உப்பு, மெல்லிசாகச் சீவிய கறி. "அம்மாகிட்ட சொல்லாதே" என்று அவர் சொன்னதில்லை. சொல்லக் கூடாது என்று எனக்கே தெரியும். நாங்கள் சொல்லவில்லை என்பது அம்மாவுக்கும் தெரியும். அப்படி ஓர் ஏற்பாடு.

அவளுடைய அம்மா கேட்டது சாப்பாட்டைப் பற்றி மட்டும் அல்ல என்பது தமிழ் வீடுகளில் வளர்ந்த யாருக்கும் புரியும். என் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் ஒரு சீன ஆன்ட்டி இருக்கிறார். குவான் இன் பக்தர், அவரும் மாட்டிறைச்சி தொடமாட்டார். இந்த ஊரில் அப்படி நிறைய சீனர்கள் உண்டு. அவர் சாப்பிடாததை வைத்து அவர் தாத்தா எந்தத் தெருவில் குடியிருந்தார் என்று யாரும் கணக்குப் போடமாட்டார்கள். நமக்குள் கேட்கும்போது அந்தக் கணக்கு ஓடும். 'இந்துதானே, பின்னே ஏன் சாப்பிடுறாங்க' என்பதுதான் முதல் படி. இரண்டாவது படியை யாரும் வாயால் சொல்வதில்லை.

சாதிப் பெயர் எங்கள் வீட்டில் ஒருமுறைகூட உச்சரிக்கப்பட்டதில்லை. அது ஒரு நல்ல விஷயம் என்றுதான் நான் நினைத்து வளர்ந்தேன். பெரியார் 1929 கடைசியில் மலாயாவுக்கு வந்தார், சிங்கப்பூரிலும் பேசினார். 1932இல் இங்கே தமிழர் சீர்திருத்தச் சங்கம் தொடங்கியது. 1935இல் கோ. சாரங்கபாணி தமிழ் முரசைத் தொடங்கினார். சாதியை விட்டொழிக்கச் சொல்லி மேடை போட்டுப் பேசிய ஊர் இது. பெயருக்குப் பின்னால் இருந்த வால் பெரும்பாலும் போனது. பள்ளியில் யாரும் கேட்கவில்லை, தேசிய சேவையில் கேட்கவில்லை. பொது இடத்தில் கேட்க முடியாமல் போனதால், கேள்வி வேறு உடை போட்டுக்கொண்டு வருகிறது. 'ஊர்ல எந்தப் பக்கம்', 'குலதெய்வம் எது', 'பீஃப் எடுப்பீங்களா'.

இதைப் பற்றி ஒரு நண்பனிடம் புலம்பினேன். சென்னையிலிருந்து வேலைக்கு வந்தவன், நல்ல சாப்பாட்டு ரசிகன். வங்கியில் போனஸ் வந்தால் முதலில் ஸ்டேக் கடைக்குத்தான் போவான், படமும் போடுவான். அவன் வீட்டில் ஒன்றும் சொல்லமாட்டார்களா என்று கேட்டேன். "அது ஸ்டேக்டா. ஸ்டேக் வேற, மாட்டுக்கறி வேற" என்றான். சிரிக்காமல்தான் சொன்னான். 90 வெள்ளி கொடுத்து, வெள்ளைத் துணி விரித்த மேசையில், பாதி வெந்து ரத்தச் சிவப்பாக வருவது ருசி. மண்சட்டியில் மிளகு போட்டுச் சுண்டி வருவது வேறொரு ஆளுடைய சாப்பாடு. மாடு ஒன்றுதான்.

அப்பாவின் 64ஆவது பிறந்தநாளுக்கு அவரை அர்ஜென்டினா உணவகத்துக்குக் கூட்டிப்போகலாம் என்று தோன்றியதற்கு இந்த எரிச்சலும் ஒரு காரணம். அலுவலக விருந்துக்கு ஏற்கனவே ஒருமுறை போயிருக்கிறேன். அன்றைக்கு மேலாளர் என்னைக் கேட்காமலேயே எனக்குக் கோழி சொல்லிவிட்டார், அக்கறையோடுதான். இன்னொரு முறை, கோழி இல்லாமல், போகணும் என்று இருந்தேன். அம்மா அன்றைக்கு அக்கா வீட்டில் பேரனோடு இருந்தார். நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

இடம் டெலோக் ஆயர் பக்கம், பழைய கடைவீடு ஒன்றின் கீழ்த்தளம். அப்பா மின்தூக்கி பராமரிப்பில் 35 வருடம் வேலை பார்த்தவர். அந்த வட்டாரத்து அலுவலகக் கட்டடங்களின் மின்தூக்கிக் குழிகள் எல்லாம் அவருக்கு அத்துபடி. அந்தக் கட்டடங்களின் கீழே இருக்கும் சாப்பாட்டுக் கடைகளில் ஒன்றில்கூட அவர் உட்கார்ந்ததில்லை. உள்ளே நுழைந்ததும் மேலே பார்த்தார். "சீலிங் வென்ட்ட கறுப்பு அடிச்சு மறைச்சிருக்கான், நல்ல வேலை" என்றார். நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு மெனு. அப்பா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார். "உருளைக்கிழங்குக்குக்கூட தனிக்காசா?"

"ஆமாம்ப்பா. நீங்க வலது பக்கம் பார்க்காதீங்க, இடது பக்கம் மட்டும் படிங்க."

இடது பக்கம் முழுக்க ஸ்பானிய மொழி. ஓஹோ தே பிஃபே, அதாவது விலா எலும்பை ஒட்டிய கண் பகுதி. வஸியோ, அடிவயிற்றுப் பக்கத்துத் தசை. மொய்யேஹா என்று ஒன்று, கன்றின் கழுத்துச் சுரப்பி. சின்சுலின் என்று இன்னொன்று. அதைப் பரிமாறுபவரிடம் கேட்டோம். பிலிப்பீன்ஸ்காரர், பொறுமையாகச் சொன்னார். சிறுகுடல், நன்றாகக் கழுவி, மொறுமொறுப்பாகச் சுட்டு, எலுமிச்சையோடு. மோர்சிய்யா என்பது ரத்தத்தை அடைத்துச் செய்வது.

அப்பா மெனுவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "குடல், ரத்தம். இதுக்காடா இங்க வந்தோம்?" சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமில்லாதது.

அடுப்பைப் பற்றிச் சொல்லணும், ஏனென்றால் எங்கள் இரண்டு பேருக்கும் அந்த இரவு ரொம்பப் பிடித்தது அதுதான். திறந்த சமையலறை. பரிஷா என்று சொல்கிறார்கள் (எழுத்து வேறு மாதிரி இருக்கும், புவனோஸ் ஐரிஸ்காரர்கள் இப்படித்தான் உச்சரிப்பார்கள்). தழலை நேராகக் கறிக்குக் கீழே எரியவிடுவதில்லை. ஓர் ஓரத்தில் கட்டை எரிந்து கங்காகும், கங்கை இழுத்துக் கம்பிகளுக்குக் கீழே பரப்புகிறார்கள். கம்பிகள் வட்டமாக இல்லை, ஆங்கில 'வி' எழுத்து மாதிரி மடித்த தகடுகள், முன்பக்கம் சற்றுச் சரிந்து. உருகும் கொழுப்பு கங்கில் சொட்டாமல் அந்த வாய்க்கால் வழியாக ஓடித் தொட்டியில் விழுகிறது. சொட்டினால் தீ எழும்பிக் கறியைக் கருக்கிவிடும். சூட்டைக் கூட்டிக் குறைக்கத் தீயைத் தொடுவதில்லை. பக்கத்தில் ஒரு சக்கரம், அதைச் சுற்றினால் கம்பித் தட்டு முழுதாக மேலே ஏறும், இறங்கும்.

"சங்கிலியும் பல்சக்கரமும்" என்றார் அப்பா. "எதிரெடை கிடையாது. கையாலயே தூக்குறான்."

உப்பைத் தவிர வேறு மசாலா இல்லை. கறியோடு ஒரு கிண்ணத்தில் சிமிச்சுரி வரும். பார்ஸ்லி, பூண்டு, ஓரிகானோ, கொஞ்சம் மிளகாய், வினிகர், எண்ணெய். அப்பா அதை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, புளிக்குப் பதில் வினிகர் ஊற்றிய கொத்தமல்லித் துவையல் என்று முடிவு செய்தார். எவ்வளவு வேகணும் என்று கேட்டபோது "வெல் டன்" என்றார். எனக்கு உள்ளுக்குள் ஒரு கூச்சம். ஸ்டேக் தெரிந்தவர்கள் என்று சொல்லிக்கொள்பவர்கள் அந்த வார்த்தையைக் கேட்டால் புருவம் தூக்குவார்கள். பரிமாறுபவர் தூக்கவில்லை. அர்ஜென்டினாவில் வீடுகளில் நிறையப் பேர் நன்றாக வெந்துதான் சாப்பிடுவார்கள், மெதுவாக வேகவைப்பதால் காய்ந்துபோகாது என்றார். அப்பா என்னைப் பார்த்துத் தலையாட்டினார், ஏதோ பந்தயத்தில் ஜெயித்த மாதிரி.

குடலும் சுரப்பியும் இன்று 26 வெள்ளிக்கு வருகின்றன. அவை அந்த நாட்டில் எங்கிருந்து வந்தவை என்று முன்பே கொஞ்சம் படித்திருந்தேன். எஸ்தெபான் எச்செவர்ரியாவின் 'எல் மத்தாதேரோ', இறைச்சிக்கூடம் என்று பொருள், அர்ஜென்டினாவின் முதல் சிறுகதை என்று பலர் சொல்வது. எழுதியவர் இறந்து பல வருடம் கழித்து 1871இல்தான் அச்சுக்கு வந்தது. தவக்காலத்தில் வெள்ளம் வந்து, புவனோஸ் ஐரிஸில் கறி இல்லாமல் போய், பிறகு ஒருநாள் மாடுகள் வந்து சேர்கின்றன. நல்ல கறி எங்கெங்கோ போகிறது. சேற்றில் நின்று குடலுக்கும் கொழுப்புக்கும் அடித்துக்கொள்பவர்கள் கறுப்பினப் பெண்கள். கதை அரசியல் கதை, சர்வாதிகாரி ரோசாஸைத் திட்டுவதற்காக எழுதியது. அந்தப் பெண்களை எழுதியவர் அருவருப்போடுதான் பார்க்கிறார். அதைப் படிக்கும்போது அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் எந்தக் கை எந்தத் துண்டுக்கு நீண்டது என்று அவர் எழுதிவைத்துவிட்டார்.

நல்ல கறியும் அப்போது தூரம் போக வழியில்லை. கறியைக் கீறி உப்பில் அடுக்கி வெயிலில் காயவைத்து மூட்டையாகக் கட்டுவார்கள். தசாஹோ என்று பெயர். அது பிரேசிலுக்கும் கியூபாவுக்கும் கப்பலேறியது, கரும்புத் தோட்டத்திலும் மற்ற தோட்டங்களிலும் வேலை செய்த அடிமைகளின் சாப்பாடாக. பிறகு என் தொழிலின் முன்னோர் ஒருவர் வருகிறார். சார்ல் தெலியே, பிரெஞ்சுக்காரர். மீத்தைல் ஈதரை அழுத்திக் குளிரூட்டும் இயந்திரத்தைக் கப்பலில் பொருத்தினார். 'லெ ஃப்ரிகோரிஃபிக்' என்ற அந்தக் கப்பல் 1876 செப்டம்பரில் ரூவானிலிருந்து கிளம்பி, டிசம்பரில் புவனோஸ் ஐரிஸ் போய்ச் சேர்ந்தது. நூறு நாளுக்குக் கிட்டத்தட்ட பயணம், உள்ளே கறி, சூன்யம் டிகிரி பக்கம். அதற்குப் பிறகு அர்ஜென்டினா கறி ஐரோப்பிய மேசைகளுக்குப் போனது, உப்புக் கறி பழைய ஆட்களின் சாப்பாடாகக் கீழே தங்கியது. தெலியே 1913இல் வறுமையில் செத்தார். நான் தினமும் பார்க்கும் கம்ப்ரஸருக்கும் அந்தக் கப்பலில் ஓடியதற்கும் அடிப்படை ஒன்றுதான்.

இதையெல்லாம் சாப்பிட்டுக்கொண்டே அப்பாவிடம் சொன்னேன். கப்பல் கதையை மரியாதைக்குக் கேட்டார். உப்புக் கறி என்றதும் கத்தியைக் கீழே வைத்தார்.

"உப்புக்கண்டம்" என்றார்.

என் தாத்தா நகராட்சியில் துப்புரவு வேலை பார்த்தவர். ஊழியர் குடியிருப்பில் ஒரே அறை, முன்னால் பொதுத் திண்ணை. சம்பள நாளில் ஆயா கேகே சந்தைக்கு நடந்து போய்க் கறி வாங்கி வருவாராம். அன்றைக்குக் கொஞ்சம் குழம்பு. மிச்சத்தை விரல் நீளத்துக்குக் கீறி, உப்பும் மஞ்சளும் தடவி, கோணி ஊசியில் நூல் கோத்து, மாலை மாதிரி வெயிலில் கட்டுவார். அப்பாவுக்கு ஏழெட்டு வயது. குச்சியோடு உட்கார்ந்து காக்கா ஓட்டுவது அவர் வேலை. "மூணு நாள் காயணும். மழை வந்தா உள்ள எடுத்து அடுப்புக்கு மேல கட்டணும். அப்புறம் டின்னுல போட்டு வெச்சா மாசக் கடைசி வரைக்கும் வரும். நல்லெண்ணெய்ல வரமிளகா கிள்ளிப் போட்டு வறுத்தா..." என்று சொல்லிவிட்டு நிறுத்தினார். தட்டில் இருந்த 300 கிராம் ஓஹோ தே பிஃபேயைப் பார்த்தார். "இதுவும் நல்லாத்தான் இருக்கு" என்றார், அதன் மனம் நோகக் கூடாது என்பதுபோல.

ஆயாவை எனக்குத் தெரியும். நான் பத்து வயதாக இருக்கும்போது இறந்தார். எனக்குத் தெரிந்த ஆயா வெள்ளிக்கிழமை முட்டைகூடத் தொடமாட்டார். மாட்டுக்கறி என்ற சொல்லையே அவர் வாயில் கேட்டதில்லை. எப்போது விட்டார் என்று கேட்டேன்.

1974இல் குடியிருப்பை விட்டு வீவக வீட்டுக்கு மாறினார்களாம். எட்டாவது மாடி, நீளமான பொதுத் தாழ்வாரம். அதே தளத்தில் இன்னொரு தமிழ்க் குடும்பம். ஆயாவுக்கு ரொம்பச் சந்தோஷம், பேச ஆள் கிடைத்ததென்று. வந்த புதிதில் ஒருமுறை உப்புக்கண்டம் தாழ்வாரக் கம்பியில் காய்ந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வருடத் தீபாவளிக்கு ஆயா முறுக்கும் அதிரசமும் தட்டில் அடுக்கி, துணி மூடி, அப்பாவிடம் கொடுத்து அந்த வீட்டுக்கு அனுப்பினார். அந்த அம்மா சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டார். தட்டைக் காலியாகத் தரக் கூடாதென்று அதில் சர்க்கரை போட்டுத் திருப்பிக் கொடுத்தார். மறுநாள் காலையில் அப்பா குப்பை போடப் போனபோது, பொதுக் குப்பைத்தொட்டியின் வாயில், காகிதத்தில் சுற்றி, அத்தனை அதிரசமும்.

"எங்கம்மா சுட்ட அதிரசம் எனக்குத் தெரியாதா? நடுவுல விரல் பதிஞ்சிருக்கும்."

"ஆயாகிட்ட சொன்னீங்களா?"

"சொல்லல. ஆனா அவங்களும் அன்னிக்குக் குப்பை போடப் போனாங்க."

அதோடு கம்பியில் கறி காயவில்லை. அடுத்த வருடம் ஆயா கழுத்தில் துளசிமணி. அதைப் பக்தி என்றுதான் எல்லாரும் சொன்னார்கள், பக்தியாகவும்தான் இருந்தது என்றார் அப்பா. அம்மாவைப் பெண் பார்க்கப் போனபோது அவர்கள் வீட்டிலும் இதே கேள்வி. அன்றைக்குப் பதில் சொன்னது ஆயா. "நாங்க எடுக்கிறதில்லைங்க." அப்போது அது உண்மை. அப்பா அந்த வாக்கியத்தை அங்கேதான் கற்றுக்கொண்டிருக்கிறார்.

அப்பா வாழ்க்கையில் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. மொய்யேஹா ஆறிப்போயிருந்தது. இருந்தாலும் சாப்பிட்டோம். வெளியே மொறுமொறுப்பு, உள்ளே பனங்கற்கண்டுப் பால் கட்டியது மாதிரி ஒரு மென்மை. சின்சுலின் சொல்லவில்லை. "குடல் நம்ம வீட்லதான் நல்லாருக்கும்" என்றார். நம்ம வீட்டில் ஆட்டுக்குடல்.

பில் வந்தது. எம்பனாடா 18, சுரப்பி 26, என்னுடைய வஸியோ 62, அப்பாவுடையது 78, அவருக்கு ஒரு பியர் 16. இருநூறு வெள்ளி, அதற்கு மேல் பிளஸ் பிளஸ். பத்து விழுக்காடு சேவைக் கட்டணம், அதற்கும் சேர்த்து ஒன்பது விழுக்காடு ஜிஎஸ்டி. 239 வெள்ளி 80 காசு. அப்பா மனக்கணக்கில் சரிபார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தார். ரசீதைத் திருப்பிக் கேட்டு வாங்கிச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. அம்மா சட்டை துவைக்கும்போது பைகளைத் துழாவித்தான் போடுவார், அது அவருக்குத் தெரியும்.

ரயிலில் திரும்பும்போது அவர் தூங்கிவிட்டார். நான் கைப்பேசியில் மாட்டினங்களைப் பற்றிப் படித்துக்கொண்டு வந்தேன். அர்ஜென்டினாவின் பாம்பாஸ் புல்வெளியில் மேய்வது ஆங்கஸ், ஹெர்ஃபோர்ட், பிரிட்டனிலிருந்து போனவை. வெப்பமான வடக்கில் அவை தாக்குப்பிடிக்கவில்லை. அங்கே பிராங்கஸ், பிராஃபோர்ட் என்று கலப்பினங்கள், திமில் உள்ள இந்திய மாட்டின் ரத்தம் கலந்தவை. பக்கத்து பிரேசிலில் மாட்டுக்கூட்டத்தின் பெரும்பகுதி நெலோர் என்ற இனம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து கப்பலில் போன ஓங்கோல் மாடுகளின் வம்சம். பெயர் நம்ம நெல்லூர்தான், அன்றைக்கு சென்னை மாகாணத்து மாவட்டம். சிங்கப்பூருக்கு உறைந்த மாட்டிறைச்சி நிறைய வருவது பிரேசிலிலிருந்து. சனிக்கிழமை கோப்பிக்கடையில் எங்கள் தட்டில் இருந்ததும் ஒருவேளை ஏதோ ஒரு நெல்லூர்க்காரனின் கொள்ளுப்பேரனாக இருந்திருக்கலாம். சிரிப்பு வந்தது, அப்பாவை எழுப்பிச் சொல்லலாமா என்று பார்த்தேன், சொல்லவில்லை.

அவளுக்குப் படத்தை அனுப்பினேன். அப்பா, வெள்ளைத் துணி, பாதி வெட்டிய ஸ்டேக், முள்கரண்டியைப் பேனா மாதிரி பிடித்திருக்கிறார். அதிரசக் கதையையும் எழுதி அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு விழுந்து ரொம்ப நேரம் பதில் இல்லை. வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுப் பார்த்தால் இருந்தது. "அம்மாகிட்ட நான் இந்தப் படத்தைக் காட்டணுமா, வேணாமா? நீயே சொல்லு. காட்டினா நான் உங்க பக்கம்தான் நிப்பேன், ஆனா சுலபமா இருக்காது." அவளைக் கட்டிக்கொள்ள நான் ஆசைப்படுவதற்கு இந்த மாதிரி எழுதுவதும் ஒரு காரணம்.

காட்டணுமா என்பது என்னுடைய முடிவு மட்டும் இல்லையே. படத்தில் இருப்பது அப்பா. மறுநாள் காலையில் அவர் தாழ்வாரத்தில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது போய்க் கேட்டேன். அவங்க வீட்ல தெரிஞ்சா பரவாயில்லையா என்று. பதில் சொல்லாமல் கறிவேப்பிலைத் தொட்டியைச் சுற்றி ஊற்றி முடித்தார். அம்மா உள்ளேயிருந்து, ஞாயிற்றுக்கிழமைக்குத் தேக்காவில் ஆட்டுக்கறி சொல்லிவைக்கணும், அன்றைக்குப் பெண் வீட்டார் வருகிறார்கள், எத்தனை கிலோ என்று கேட்டார்.

"ரெண்டு கிலோ" என்று அப்பா உள்ளே பார்த்துச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, குரலைக் குறைக்காமல், "காட்டச் சொல்லு. வர்றவங்க தெரிஞ்சே வரட்டும்" என்றார். அம்மா காதிலும் விழுந்திருக்கும். குழாய்ச் சத்தம் கொஞ்ச நேரம் நின்று, மறுபடி கேட்டது. "அப்ப மூணு கிலோவா சொல்லுங்க, எங்கண்ணனையும் கூப்பிடுறேன்" என்றார் அம்மா.